இரண்டு பையர், இரண்டு படிவம், ஒரே இ.பி. பில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். 420 பேர் வேலை செய்கிறார்கள். கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் எங்கள் கட்டடத்தில். நிட்டிங், சாயம், பிரிண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க். உடுமலைப் பக்கம் ஒரு காற்றாலை இருக்கிறது. இந்த மாதம் ஜெர்மனி பையர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். நாங்கள் சப்ளை செய்யும் மும்பை லிஸ்டட் கம்பெனி இன்னொன்று அனுப்பியிருக்கிறது. ஸ்கோப் 1, 2, 3, சி.எஸ்.ஆர்.டி., பி.ஆர்.எஸ்.ஆர். கோர், டபுள் மெட்டீரியாலிட்டி என்று என்னென்னவோ கேட்கிறார்கள். 'இ.எஸ்.ஜி. சர்டிபிகேட் எடுத்துவிட்டால் போதும்' என்கிறது ஓர் ஏஜென்சி. காற்றாலை இருப்பதால் கரண்டுக்குப் பூஜ்யம் போட்டுவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

சர்டிபிகேட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இ.எஸ்.ஜி. என்றால் சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக நெறி. நீங்கள் குறிப்பிடும் தரநிலைகளில் எதுவும் ஒரு நிறுவனத்துக்கு 'இ.எஸ்.ஜி. சான்றிதழ்' தருவதில்லை. அவை அறிக்கை எழுதும் விதிகள். எழுதிய எண்ணை வெளியார் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது 'அஷ்யூரன்ஸ்'. அது வேறு வேலை, அதற்கும் உங்களிடம் முதலில் எண் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கக்கூடிய கோட்ஸ், ஓக்கோடெக்ஸ் சான்றிதழ்கள் துணியையும் அதைச் செய்யும் முறையையும் பற்றியவை, ஐ.எஸ்.ஓ. 14001 நிர்வாக முறையைப் பற்றியது. இவற்றின் நகலை இணைக்கலாம், ஆனால் கார்பன் கட்டத்தில் நிரப்ப இவை உதவாது. ஏஜென்சிக்குக் கொடுக்க நினைத்த பணத்தை அப்படியே வைத்திருங்கள். முதல் ஆண்டுக்கு உங்கள் கணக்குப் பிரிவே போதும்.

படிவம் இரண்டாக இருந்தாலும் அடியில் இருக்கும் தரவு ஒன்றுதான்: கரண்ட், எரிபொருள், தண்ணீர், கழிவு, ஆட்கள், சம்பளம், விபத்து. இவற்றை மாதவாரியாக ஒரே எக்செல் கோப்பில் ஏற்றுங்கள். மாதவாரி என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மும்பைக்காரர் ஏப்ரல் முதல் மார்ச் வரை கேட்பார், ஜெர்மனிக்காரர் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்பார். ஆண்டு மொத்தம் மட்டும் கையில் இருந்தால் இரண்டாம் முறை எல்லா பில்லையும் புரட்ட வேண்டிவரும்.

யார் எதற்காகக் கேட்கிறார்கள்

மும்பைக் கம்பெனியின் படிவம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதியிலிருந்து வருகிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 லிஸ்டட் நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை கட்டாயம். அதில் முக்கியமான ஒன்பது தலைப்புகளைப் பிரித்தெடுத்து, வெளியார் சரிபார்க்க வேண்டும் என்று 2023 ஜூலையில் செபி கொண்டுவந்ததுதான் பி.ஆர்.எஸ்.ஆர். கோர். கார்பன், தண்ணீர், எரிசக்தி, கழிவு, ஊழியர் நலமும் பாதுகாப்பும், பெண்களின் பங்கு, உள்ளூர் மற்றும் சிறு நிறுவனங்களிடம் கொள்முதல், வாடிக்கையாளர் மற்றும் சப்ளையரிடம் நேர்மை, வியாபாரத்தில் வெளிப்படைத்தன்மை ஆகியவை அந்த ஒன்பது. சரிபார்ப்பு முதல் 150 நிறுவனங்களில் தொடங்கி, ஆண்டுக்காண்டு விரிந்து, 2026-27இல் முதல் 1,000 நிறுவனங்களையும் தொடும்படி வைக்கப்பட்டது.

சப்ளையர் தரவு இதில் தனி அத்தியாயம். முதலில் கடுமையாக இருந்த விதியை 2025 மார்ச்சில் செபி தளர்த்தியது. முதல் 250 நிறுவனங்கள், தங்கள் கொள்முதலிலோ விற்பனையிலோ தனியாக 2% அல்லது அதற்கு மேல் வரும் கூட்டாளிகளின் தரவை மட்டும், அதுவும் 2025-26 முதல் விருப்பத்தின் பேரில் வெளியிடலாம். ஆகவே அந்தக் கம்பெனியின் மொத்தக் கொள்முதலில் உங்கள் பங்கு 2%ஐத் தொடுகிறதா என்று அவர்களுடைய சப்ளை செயின் மேலாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். தொடவில்லை என்றால் தரவு கொடுக்கக் கூடாது என்று பொருளல்ல. கெடுவைப் பற்றிப் பேச உங்களுக்கு இடம் கிடைக்கும்.

ஜெர்மனிப் படிவத்தின் பின்னணி, நிறுவனங்களை நிலைத்தன்மை அறிக்கை எழுதச் சொல்லும் சி.எஸ்.ஆர்.டி. என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். 2022இல் நிறைவேறியது. எப்படி எழுத வேண்டும் என்று சொல்வது இ.எஸ்.ஆர்.எஸ். தரநிலைகள்: பொதுவானவை 2, சுற்றுச்சூழல் 5, சமூகம் 4, நிர்வாக நெறி 1, ஆக மொத்தம் 12. பிறகு சுமை அதிகம் என்று குரல் எழுந்து, 'ஆம்னிபஸ்' திருத்தம் வந்தது. 2025 டிசம்பரில் எட்டிய உடன்பாட்டின்படி 1,000 ஊழியருக்கு மேலும் 45 கோடி யூரோ விற்றுமுதலுக்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் இது பொருந்தும். உங்கள் பையர் அந்த வரம்புக்குள் வருகிறாரோ இல்லையோ, அவருடைய வங்கியும் அவரிடம் துணி வாங்கும் பெரிய கடைகளும் கேட்டால் அவர் உங்களைக் கேட்கத்தான் செய்வார்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது வி.எஸ்.எம்.இ. என்ற தரநிலை. சிறு, நடுத்தர நிறுவனங்கள் தாமாக முன்வந்து எழுதுவதற்காக, ஐரோப்பிய அறிக்கைத் தரநிலைகளை வகுக்கும் எஃப்ராக் அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்டது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் அதைப் பரிந்துரையாகவே ஏற்றது. அதன் அடிப்படைப் பகுதியில் பி1 முதல் பி11 வரை பதினொரு தலைப்புகள்தான். பையரிடம் 'உங்கள் 200 கேள்விக்குப் பதிலாக வி.எஸ்.எம்.இ. அடிப்படைப் பகுதியை நிரப்பி அனுப்பினால் ஏற்பீர்களா' என்று கேட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் அடுத்த ஐரோப்பிய பையருக்கும் அதே கோப்பு ஓடும்.

இன்னொரு பயமும் ஊரில் சுற்றுகிறது: சி.பி.ஏ.எம். என்ற எல்லைக் கார்பன் வரி. அது சிமெண்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்குத்தான். பனியனுக்கு இல்லை. அதைக் காட்டி யாராவது ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கோடு எங்கே போடுவது

ஸ்கோப் 1 என்பது உங்கள் இடத்திலேயே வெளியாகும் கார்பன், ஸ்கோப் 2 நீங்கள் வாங்கும் கரண்டுக்கானது, ஸ்கோப் 3 உங்களுக்காக வெளியார் செய்யும் வேலை, பொருள், போக்குவரத்து போன்றவற்றுக்கானது. இந்தக் கணக்கைத் தொடுவதற்கு முன் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. எல்லாத் தரநிலைகளும் கார்பன் கணக்குக்கு ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்ற பசுமைக்குடில் வாயுக் கணக்கு வழிமுறையையே சார்ந்திருக்கின்றன. அது மூன்று வழி தருகிறது: பங்கு விகிதப்படி, நிதிக் கட்டுப்பாட்டின்படி, செயல்பாட்டுக் கட்டுப்பாட்டின்படி. உங்களுக்கு மூன்றாவதை எடுங்கள். தினசரி நிர்வாக முடிவு யார் கையில் இருக்கிறதோ அவர் கணக்கில் அந்த இடம் வரும்.

இதில் கவனமாகப் பார்க்க வேண்டியது குடும்ப நிறுவனங்கள். முதலாளியின் தம்பி பெயரில் சாயப்பட்டறை இருக்கும், ஜி.எஸ்.டி. எண் வேறாக இருக்கும், ஆனால் எந்த லாட் எப்போது ஓட வேண்டும், எந்த பாய்லர் வாங்க வேண்டும் என்பதை உங்கள் அலுவலகமே முடிவு செய்யும். அப்படியானால் அது ஜாப் ஒர்க் அல்ல, உங்கள் ஸ்கோப் 1, 2க்குள் வர வேண்டும். கூலி கொடுத்து வெளியாரிடம் சாயம் போட்டால் அது ஸ்கோப் 3. எந்த வழியை எடுத்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, யூனிட்டுகளின் பட்டியலோடு கோப்பில் வையுங்கள். சரிபார்க்க வருபவர் முதலில் கேட்கும் தாள் அதுதான்.

ஸ்கோப் 1: உங்கள் இடத்தில் எரிவதும் கசிவதும்

ஜெனரேட்டர் டீசல், சொந்த வண்டிகளின் டீசல், கேண்டீன் கேஸ், அயர்னிங் பாய்லர் விறகு, ஏ.சி. வாயு. இவ்வளவுதான். எண்களை உங்கள் அளவுக்கு ஒத்த ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன்.

டீசல் லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆண்டுக்கு 9,000 லிட்டர் என்றால் 24.1 டன். பங்க் பில்லில் தொகை இருக்கும், லிட்டர் இருக்காது. விலையால் வகுத்து எடுக்காமல் லிட்டர் எழுதித் தரும்படி இப்போதே சொல்லிவிடுங்கள். சமையல் வாயு கிலோவுக்கு ஏறத்தாழ 2.98 கிலோ, அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 57 கிலோ.

விறகில்தான் பலரும் இடறுகிறார்கள். சிலர் முழுவதையும் ஸ்கோப் 1இல் சேர்க்கிறார்கள், சிலர் 'மரம்தானே' என்று பூஜ்யம் போடுகிறார்கள். இரண்டும் தவறு. விறகிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப்புக்கு வெளியே தனி வரியில் காட்ட வேண்டும். கூடவே வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1இல் வர வேண்டும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. தரும் பொது மதிப்புகளை வைத்தால் டன் விறகுக்கு வெளியே 1.75 டன், உள்ளே சுமார் 30 கிலோ. ஆண்டுக்கு 120 டன் எரித்தால் தனி வரியில் 210 டன், ஸ்கோப் 1இல் 3.6 டன். ஈர விறகா காய்ந்த விறகா என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதால் எடை மேடைச் சீட்டையும் மர வகையையும் சேர்த்து வையுங்கள்.

ஏ.சி. வாயு சின்ன விஷயம் போலத் தெரியும். ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் ஐ.பி.சி.சி. ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கைப்படி ஏறத்தாழ 1,924 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆண்டில் 4 கிலோ டாப்-அப் செய்திருந்தால் 7.7 டன், உங்கள் டீசலில் மூன்றில் ஒரு பங்கு. சர்வீஸ்காரர் பில்லில் 'கேஸ் சார்ஜிங்' என்று மட்டும் எழுதிக் கொடுப்பார். எந்த வாயு, எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். பழைய மெஷினில் ஆர்-22 இருந்தால் அது ஸ்கோப்பில் சேராது. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வருவதால் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

ஸ்கோப் 2: காற்றாலைக்குப் பூஜ்யமா?

நேரடியாகச் சொன்னால், ஒரு வரியில் போடலாம், இன்னொரு வரியில் போட முடியாது. 2015 முதல் புரோட்டோகால் இரண்டு எண் கேட்கிறது. 'லொகேஷன்' முறையில், உங்கள் மீட்டருக்குள் வந்த யூனிட் முழுவதையும் கிரிட் சராசரியால் பெருக்க வேண்டும். 'மார்க்கெட்' முறையில், நீங்கள் எந்த ஒப்பந்தத்தின் மூலம் வாங்கினீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

கிரிட் சராசரியை மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது. 2023-24க்கு ஒரு மெகாவாட் மணிக்கு 0.727 டன். எளிதாகச் சொன்னால் 1,000 யூனிட்டுக்கு 727 கிலோ. ஆண்டில் 6,00,000 யூனிட் எடுத்து, அதில் 4,00,000 யூனிட் காற்றாலைக் கணக்கில் கழிந்தது என்று வையுங்கள். லொகேஷன் முறையில் 436 டன். மார்க்கெட் முறையில் மீதி 2,00,000 யூனிட்டுக்கு மட்டும் 145 டன். இரண்டையும் கொடுங்கள். படிவத்தில் ஒரே கட்டம் இருந்தால், எந்த முறை என்று பக்கத்தில் எழுதுங்கள். 436 எழுத வேண்டிய இடத்தில் 145 எழுதி, அடுத்த ஆண்டு இன்னொருவர் 436 எழுதினால், ஒரே ஆண்டில் மும்மடங்கு கூடியதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அந்த 4,00,000 எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். காற்றாலை மீட்டரில் காட்டும் உற்பத்தி அல்ல, மின்வாரியத்தின் எச்.டி. (உயரழுத்த) பில்லில் உங்கள் கணக்கில் கழித்துக் காட்டப்படும் யூனிட்தான் எண். நடுவில் வாரியத்தின் கம்பி வழியே கொண்டுவருவதில் ஏற்படும் வீலிங் இழப்பு போகிறது. அடுத்து, காற்றாலைக்கு ஆர்.இ.சி. என்ற புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்று வாங்கி விற்றிருந்தால் பசுமை உரிமையும் அதோடு போய்விட்டது. பூஜ்யம் கோர முடியாது. உற்பத்தியை வாரியத்துக்கே விற்கும் ஒப்பந்தம் என்றாலும் அப்படித்தான். காற்றாலை வேறு பெயரில், பலர் பங்கு போட்டுத் தமக்கே கரண்ட் எடுக்கும் கூட்டு கேப்டிவ் முறையில் இருந்தால் ஒப்பந்த நகலையும், 26% உரிமை, 51% நுகர்வு நிபந்தனை நிறைவேறியதற்கான ஆவணத்தையும் சேர்த்து வையுங்கள்.

எரிசக்தி அட்டவணை ஜூலில் கேட்கப்படும். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல், 6,00,000 யூனிட் என்றால் 2,160 கிகாஜூல். டீசல் லிட்டருக்குச் சுமார் 36 மெகாஜூல். ஜெனரேட்டர் கொடுத்த யூனிட்டையும் அது குடித்த டீசலையும் சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள். ஒரே எரிசக்தி இரண்டு முறை வரும். டீசலை மட்டும் எடுங்கள். அதேபோல இ.பி. ரீடிங் தேதி மாதக் கடைசியில் விழாவிட்டால் பன்னிரண்டு பில் இருக்கிறதா, பதினொன்றா பதின்மூன்றா என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்கோப் 3: சாயப்பட்டறைதான் மலை

பதினைந்து வகைகள் உண்டு. பதினைந்தும் உங்களுக்கு வேண்டாம். முதல் வகையான வாங்கிய பொருளும் சேவையும், அதாவது நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங் ஆகியவைதான் உங்கள் எண்ணில் பெரும்பகுதி. தையலில் ஓடுவது மின் மோட்டார். சாயத்தில் சூடாக்க வேண்டியது தண்ணீர். அங்கேதான் விறகும் கரண்டும் போகின்றன.

சாயப்பட்டறையிடம் கேட்க வேண்டியவை நான்கு: ஆண்டில் மொத்தம் எத்தனை கிலோ துணி ஓடியது, எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை டன் விறகு, எத்தனை கிலோலிட்டர் தண்ணீர். கிலோவுக்கு எவ்வளவு என்று எடுத்து, உங்கள் கிலோவால் பெருக்குங்கள். ரூபாய் விகிதத்தில் பிரிக்காதீர்கள். கறுப்புக்கும் வெளிர் நிறத்துக்கும் கூலி வேறு, சீசனுக்கு சீசன் கூலி வேறு, கிலோ மாறாது. எண் தர மறுக்கும் பட்டறைக்குத் தொழில்துறைச் சராசரியைப் போட்டு, அது மதிப்பீடு என்று குறிக்கலாம். அதை மறைப்பதுதான் குற்றம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் அனுப்பும் பட்டறை என்றால், அங்கே ஆர்.ஓ.வும் நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் குடிக்கும் கரண்டும் விறகும் பட்டறையின் மீட்டரில் தெரியாது. கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத முறையில் இது சிறு தொகை அல்ல. நிலையத்தின் கிலோலிட்டர் கணக்கைத் தனியாகக் கேளுங்கள். திரும்பி வரும் ஆர்.ஓ. தண்ணீரைப் புதிதாக எடுத்த தண்ணீரில் சேர்க்கக் கூடாது. மறுபயன்பாட்டு வரியில் போட வேண்டும்.

போக்குவரத்தில் யார் வாடகை கொடுக்கிறார் என்பதைப் பாருங்கள். கப்பலில் ஏற்றும் வரை மட்டும் உங்கள் செலவு என்ற எஃப்.ஓ.பி. முறை என்றால் தூத்துக்குடித் துறைமுகம் வரை உங்கள் 4ஆம் வகை. கப்பல் பயணம் பையருடைய 4ஆம் வகை, உங்களுக்கு 9ஆம் வகை. ஆட்களை ஏற்றி வரும் பஸ் கம்பெனியுடையது என்றால் அந்த டீசல் ஸ்கோப் 1. அவரவர் டூ-வீலரிலும் டவுன் பஸ்ஸிலும் வந்தால் 7ஆம் வகை.

மற்ற கட்டங்கள்

விபத்து விகிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. பி.ஆர்.எஸ்.ஆர். பத்து லட்சம் மணி நேரத்துக்கு எத்தனை என்று கேட்கிறது, வி.எஸ்.எம்.இ. இரண்டு லட்சம் மணி நேரத்துக்கு. 420 பேர், ஆளுக்கு 2,400 மணி நேரம் என்றால் 10,08,000. வேலைநாள் இழந்த காயம் மூன்று என்றால் முதலாவதில் 2.98, இரண்டாவதில் 0.60. வேலைநாள் இழக்காவிட்டாலும் மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்ட காயங்களை இரண்டாவது படிவம் சேர்க்கச் சொல்லும் என்பதால் தையல் ஊசி குத்திய பதிவேட்டையும் பாருங்கள். ஓவர்டைம் மணியைச் சேர்க்க மறக்காதீர்கள். காண்ட்ராக்டர் மூலம் வரும் பீஸ் ரேட் ஆட்களும் எண்ணிக்கையில் வர வேண்டும். ஆள் தொகை பி.எஃப். பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால் சரிபார்ப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

டபுள் மெட்டீரியாலிட்டி உங்கள் வேலை அல்ல; அறிக்கை எழுதும் பெரிய நிறுவனத்தின் வேலை. ஆனாலும் பொருள் தெரிந்திருப்பது நல்லது. நிறுவனம் வெளியுலகில் ஏற்படுத்தும் தாக்கம் ஒரு பக்கம், வெளியே நடப்பதால் நிறுவனத்தின் நிதிக்கு வரும் பாதிப்பு மறுபக்கம், இரண்டையும் பார்ப்பதுதான் அது. நொய்யலில் கலந்த சாயநீர் கீழ்ப்பக்க விவசாயியின் நிலத்தைக் கெடுத்தது: அது தாக்கம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னபோது தொழில் முடங்கியது: அது நிதி. ஜி.ஆர்.ஐ. அறிக்கைத் தரநிலைகள் முதல் பக்கத்தைக் கேட்கின்றன. முதலீட்டாளருக்காக 2023 ஜூனில் வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்1, எஸ்2 தரநிலைகள் இரண்டாம் பக்கத்தைக் கேட்கின்றன. இ.எஸ்.ஆர்.எஸ். இரண்டையும் கேட்கிறது.

அஷ்யூரன்ஸிலும் இரண்டு அளவு உண்டு. 'லிமிடெட்' என்றால் தவறாகத் தோன்றும்படி எதுவும் கண்ணில் படவில்லை என்று சொல்வது. 'ரீசனபிள்' என்றால் எண் சரியாக இருக்கிறது என்று உறுதி சொல்வது. பின்னதில் பில், மீட்டர், பதிவேடு எல்லாம் பார்ப்பார்கள். கணக்குப் போட்டுக் கொடுத்தவரே சரிபார்ப்பவராகவும் வர முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

'கார்பன் நியூட்ரல் பனியன்' என்று ஹேங்-டேக்கில் போடும் யோசனை மெர்ச்சண்டைசிங் பக்கம் எழுந்தால் நிறுத்திவையுங்கள். வேறெங்கோ குறைத்த கார்பனுக்கான கிரெடிட்டுகளை வாங்கி அப்படிச் சொல்வதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் தடுக்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அது அமலுக்கு வரும். இந்தியாவிலும் 2024 அக்டோபரில் பசுமைப் பொய்விளம்பரத்துக்கு எதிரான வழிகாட்டுதல்கள் வந்திருக்கின்றன.

இந்த வாரம் பன்னிரண்டு மாத எச்.டி. பில்லையும் டீசல் பில்லையும் எடுத்து ஸ்கோப் 1, 2ஐ முடியுங்கள். சாயப்பட்டறைகளுக்கு அந்த நான்கு கேள்வியைக் கடிதமாக அனுப்பிவிட்டு, ஸ்கோப் 3க்கு இரண்டு பையரிடமும் அவகாசம் கேளுங்கள். தரவு இல்லாத கட்டத்தில் 0 போடாமல் 'தரவு இல்லை' என்று எழுதுங்கள். முதலாளி கையெழுத்திடும் உறுதிமொழியில் 'முழுமையானது' என்ற சொல் இருந்தால், ஸ்கோப் 3 சேர்க்கப்படவில்லை என்ற வரியை அதற்குக் கீழேயே சேர்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.